தறிக்குழி மேல் ஒரு கடல்

குழாய் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்காக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். நாலு வார்த்தையில் நிறுத்தும் பழக்கம் எனக்குக் கிடையாது என்பது ஆரணி பஜாரில் உள்ள ஹார்டுவேர் கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த பைப்புக்கு என்ன அளவு, எந்த வால்வை எங்கே போடுவது என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் போன் சொல்லிவிடும், என்னைவிட நல்ல வெளிச்சத்தில் காட்டவும் செய்யும். நாலு பேர் நாலு பக்கம் நின்று கத்தும்போது முதலில் எதைச் செய்வது, யார் கையைப் பிடித்து நிறுத்துவது என்று மட்டும் போனுக்குத் தெரியாது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

என் காலம் பெரும்பாலும் சாயப்பட்டறைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் போனது. கடைசிச் சில வருடங்களில் மீன் தொட்டி வேலையும் கற்றுக்கொண்டேன். எல்லாம் நல்ல தண்ணீர்த் தொட்டிகள். கடல் தண்ணீர்த் தொட்டி என்று ஆரணியில் நான் கட்டியது ஒன்றே ஒன்றுதான். அது எனக்குக் கற்றுக்கொடுத்ததை மற்றதெல்லாம் சேர்ந்தும் கற்றுக்கொடுக்கவில்லை.

கட்டச் சொன்னவர் சாந்தகுமார் சார். ஒரு துறைமுகத்தில் கிரேன் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் எங்கள் மாவட்டத்துச் சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு கிராமம், தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்த சமணக் குடும்பம். நெசவாளர் தெரு ஒன்றில் பழைய வீட்டை வாங்கி, சுவர்களை அப்படியே விட்டு, தரைக்கு கிரானைட் போட்டுக் குடிவந்திருந்தார். வந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

"அலை சத்தம் கேட்டே பழகிட்டேன் மேஸ்திரி. இங்க காது காலியா கீது" என்றார்.

"தெரு பூரா தறி சத்தம் கேக்குதே, அது பத்தாதா சார்?"

"அது வேலை சத்தம். எழுப்பி உட்டுடுது."

ஆறடி நீளத்தில் கண்ணாடித் தொட்டி, அதற்குள் கடல் பாறை, மீன், இறால், நத்தை. தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதுதான் அவர் கேட்டது. அவருடைய மனைவி பத்மாவதி அம்மாவுக்கு இதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. அந்த வீட்டில் குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். வடிகட்டிய துணியை, தண்ணீர் எடுத்த கிணற்றுத் தண்ணீரிலேயே அலசி, அந்த அலசலைக் கிணற்றிலேயே ஊற்றுவார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர் ஏதாவது துணியில் ஒட்டியிருந்தால் வந்த இடத்துக்கே போய்ச் சேரட்டும் என்றுதான். அப்படிப்பட்டவரிடம் போய் மீனை அடைத்து வைக்கலாமா என்று கேட்டால் என்ன சொல்வார்?

கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். என்னையும் சாட்சிக்கு நிறுத்தி வைத்துக்கொண்டு சொன்னார்: "நம்ம கையால ஒரு உயிர் போச்சுன்னா, அன்னிக்கே தொட்டிய எடுத்துடணும். அப்பறம் கெஞ்சக்கூடாது." சார் தலையாட்டினார். பரீட்சை எழுதப் போகும் பையன் மாதிரி இருந்தது அவர் முகம்.

தொட்டி வைக்க நான் குறித்த இடம் கூடத்தின் பின்சுவர். வீட்டுக்கு வாஸ்து பார்த்தவர் வந்து, தண்ணீர் என்றால் ஈசானிய மூலைதான் என்று சொல்லிவிட்டார். வடகிழக்கு மூலை, தெரு ஜன்னலுக்குக் கீழே. நான் போய்த் தரையைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தேன். கெட்டியாகவே கேட்டது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், குமிழி நடுவில் நின்றது. சரி என்று அங்கேயே ஸ்டாண்டை நிறுத்தினோம்.

தொட்டி நன்றாகவே ஓடியது. வடிகட்டிய தண்ணீரில் கடலுப்பு கலந்து நிரப்பினோம். மேல் தொட்டியில் வழிகிற தண்ணீர் ஸ்டாண்டுக்குள் இருக்கும் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கே ஒரு துணியில் அழுக்கு வடிந்து, மோட்டார் வழியாகத் திரும்ப மேலே போகும். பாசி தின்னும் மீன்களாகவே தேடிப் பிடித்து வாங்கினார் சார். சைவம் சாப்பிடும் கடல் மீனை ஆரணியில்தான் பார்க்க முடியும் என்று நான் கிண்டல் செய்வேன். பொழுது சாய்ந்துவிட்டால் அந்த வீட்டில் மனிதர்களுக்கும் சாப்பாடு கிடையாது, மீனுக்கும் கிடையாது. அம்மாவுக்கு இருந்த ஒரே குறை மோட்டார். காலையில் கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தால் அது உறுமுகிறதாம். சாருக்கும் அதே குறைதான், வெளியே சொல்லவில்லை. அந்த உறுமலில் தண்ணீர் விழும் சத்தமே கேட்கவில்லை, தூக்கம் எங்கிருந்து வரும்?

மழைக்காலம் வந்தது. ஒரு காலை சார் போன் செய்தார்.

"மோட்டார் காத்த இழுக்குது மேஸ்திரி. கீழ்த்தொட்டில தண்ணி கொறைஞ்சிகினே போவுது. நானும் ஊத்திகினே இருக்கேன்."

"தரை ஈரமா இருக்குதா சார்?"

"சொட்டு ஈரம் இல்ல."

தம்பிகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தண்ணீர் குறைகிறது, தரையோ காய்ந்திருக்கிறது. அப்படியானால் தண்ணீர் எங்கே போயிருக்கும்? வெளியே போகவில்லை என்றால் உள்ளேதான் எங்கேயோ இருக்கிறது. இனி ஒரு செம்பு தண்ணீர்கூட ஊற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்ததும் புரிந்தது. ரசமட்டமே தேவைப்படவில்லை, தொட்டித் தண்ணீரே காட்டிக்கொடுத்தது. தண்ணீர் வழிகிற வாய் இருந்த பக்கம் விளிம்புக்குக் கீழே வழக்கமான இடைவெளி இருந்தது. ஜன்னல் பக்கம் தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. தொட்டி சாய்ந்திருந்தது. சாய்ந்த பக்கம் தண்ணீர் ஒதுங்கியதால்தான் கீழே குறைந்தது. அது தெரியாமல் சார் ஊற்ற ஊற்ற, எடையும் அந்தப் பக்கமே ஏறியிருக்கிறது. நான் குனிந்து பார்க்கும்போதே கண்ணாடி மூலையிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கிட்டத்தட்ட ஒரு டன் எடை, நடுவில் கண்ணாடி, உள்ளே அத்தனை உயிர். 

சார் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "களம்பூர் ரைஸ் மில்லு லாரிக்காரர்கிட்ட ரெண்டு ஜாக்கி சொல்லிட்டேன். வந்துகினு இருக்குது. சாஞ்ச பக்கத்த நிமித்திடலாம்."

"தண்ணியோட தூக்கக்கூடாது சார்."

"இதவிட பெரிய எடையெல்லாம் தூக்கியிருக்கேன் மேஸ்திரி."

"இரும்ப தூக்கியிருப்பீங்க. இது நாலு கண்ணாடிய சிலிக்கான் போட்டு ஒட்டினது. ஏற்கனவே முறுக்கிகினு நிக்குது. மறுபக்கம் முறுக்கினா கூடத்துலயே கடல் வந்துடும். மொதல்ல எடைய எறக்குவோம். நிமித்தறது அப்பறம்."

 சார் போய் மோட்டார் சுவிட்சைத் தன் கையாலேயே அணைத்தார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது அதுதான், நியாயம் என்று பட்டால் இழுத்தடிக்க மாட்டார்.

எடையை இறக்குவது என்றால் தண்ணீரை இறக்குவதுதான். சார் அவசரத்தில் ஒரு ஹோஸை எடுத்து ஒரு நுனியைத் தொட்டிக்குள் விட்டு, மறு நுனியை ஜன்னல் வழியாகத் தெருச் சாக்கடைக்கு நீட்டினார். அவ்வளவுதான், இரண்டு பக்கமும் கூச்சல் கிளம்பியது.

உள்ளே அம்மா, "ஐயோ, சாக்கடையிலயா? அந்தத் தண்ணியில எத்தினி உயிர் இருக்குதோ, வடிகட்டாம உடாதீங்க!" என்று ஹோஸ் வாயில் கட்ட வெள்ளைத் துணியோடு ஓடிவந்தார். வெளியே எதிர்வீட்டு ஏழுமலை. பட்டு நெசவாளி, எங்கள் எல்லாரையும்விடக் குரல் பெரியது. அன்று காலை தெரு நெடுக அவர் வீட்டுப் பாவு நீட்டியிருந்தார்கள். சேலைக்கு நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகளை மொத்தமாகத் தெருவில் இழுத்துக் கட்டிச் சிக்கெடுப்பது எங்கள் ஊர் வழக்கம். உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு தெறித்தாலும் பட்டு பாழ்.

"யோவ், பாவு மேல உப்புத் தண்ணி உட்டுட்டு யாரு பதில் சொல்றது? கண்ணு தெரியல?"

நான் ஹோஸ் நுனியைக் கட்டை விரலால் அடைத்து உள்ளே இழுத்தேன். ஏழுமலை அந்தக் கோபத்தோடேயே வீட்டுக்குள் வந்துவிட்டார். வந்தவர் தொட்டியைப் பார்த்தார், ஸ்டாண்டைப் பார்த்தார். கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"இன்னா சார் இது! குழி மேலயா வெச்சிருக்கீங்க?"

"எந்தக் குழி?"

"தறிக்குழி சார். முன்ன இருந்த வூட்டுக்காரரு ஜன்னல் ஓரமாதான் தறி போட்டிருந்தாரு. வெளிச்சம் அங்கதான வரும்? காலை உட்டு மிதிக்கறதுக்கு இடுப்பாழத்துக்கு குழி. இந்தத் தெருவுல எல்லா வூட்டுலயும் கீது."

"இத யாரும் சொல்லவே இல்லியே!"

"தெரியாதுன்னு யாருக்குத் தெரியும்?"

யாரையும் குற்றம் சொல்ல முடியாது. தரை போட்டவர் குழியில் மண்ணைக் கொட்டி, மேலே கொஞ்சம் கான்கிரீட்டும் கிரானைட்டும் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார். மழையில் உள்ளே மண் இறங்கிவிட்டது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், நாங்கள் ஒரு கடலையே விட்டிருந்தோம். தட்டியபோது கெட்டியாகச் சத்தம் கொடுத்த தரை இதைச் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். இனி நீங்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் தரையைத் தட்டுவதற்கு முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

இப்போது ஹோஸ் என் கையில், தண்ணீரை விட இடமில்லை. கீழே கொட்டவும் வேண்டியதில்லை என்று அப்போதுதான் தோன்றியது. அம்மாவிடம் சொன்னேன்: "இந்தத் தண்ணிய எங்கயும் கொட்டப் போறதில்லம்மா. பிடிச்சி வெச்சி இதையே திரும்ப ஊத்தப் போறோம். இப்ப துணி கட்டினா மெதுவா இறங்கும், கண்ணாடி தாங்காது. உயிரெல்லாம் தண்ணியோடவே இருக்கட்டும்." அவர் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வீட்டில் இருந்த பிளாஸ்டிக் பக்கெட்டெல்லாம் நிறைந்தது. எங்கே போதும்?

அப்போதுதான் தெரு உள்ளே வந்தது. ஏழுமலை போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டுக்காரம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, விசேஷத்துக்கு எடுக்கிற பெரிய செப்பு அண்டாக்களைத் தூக்கி வந்தார்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தன. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. குடிவந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் வணக்கம் சொல்வதோடு நின்றிருந்த பழக்கம் அது. அதற்குள் யாரோ ஒரு பக்கெட் தண்ணீரை அண்டாவில் ஊற்றினார்கள். அம்மா சின்ன வலையில் சிவப்புக் கோடு போட்ட இறாலைப் பிடித்து, அண்டாவின் மேலே கொண்டுபோய்விட்டார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். வயதான பெண்மணி, அவர் வீடு, அத்தனை பேர் முன்னால். 

"செம்பு வேணாம்மா. உப்புத் தண்ணி பட்டா செம்பு கரையும். நமக்குத்தான் செம்பு நல்லது. எறாலுக்கும் நத்தைக்கும் விஷம்."

ஏழுமலை வீட்டுக்காரம்மாவின் முகம் சுருங்கியது. "எங்க வூட்டு அண்டாவயா விஷம்ன்ற?"

எனக்கு எது கஷ்டம் என்றால் இதுதான். கெட்டவனைத் தடுப்பது சுலபம், திட்டிவிடலாம். நல்ல மனதோடு ஓடிவந்தவரை வாசலில் நிறுத்துவதற்குத்தான் தைரியம் வேண்டும். மரியாதைக்காக அந்த அண்டாவை ஏற்றுக்கொண்டிருந்தால் இறால் செத்திருக்கும், நிபந்தனைப்படி தொட்டியும் போயிருக்கும். அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன்: "தங்கச்சி, உன் அண்டாவுல ஒரு குத்தமும் இல்ல. இதுங்க உடம்பு அப்பிடி. கோவிச்சிக்காத." வேறொருவர் பட்டறையிலிருந்து நீல டிரம் கொண்டுவரட்டுமா என்றார். சாயம் வந்த டிரம், அதுவும் வேண்டாம் என்றேன். "எதுதான்யா வேணும் ஒனக்கு? ஒரே பேஜாரு புடிச்ச ஆளா இருக்கியே" என்று கத்தினார் ஏழுமலை.

"புது வாட்டர் டேங்கு. மாடியில வெப்பாங்களே, கறுப்பு. ரெண்டு. ஜல்தி."

பஜார் கடைக்காரர் லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஆட்டோ தெரு முனையோடு நின்றது, பாவு நீட்டியிருக்கும்போது வண்டி எப்படி உள்ளே வரும்? ஏழுமலை பாவின் ஒரு பக்கத்தை அவிழ்க்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் ஆட்களே பட்டு இழைகளை உடம்பால் மறைத்தபடி நிற்க, சுவர் ஓரமாகவே அந்தக் கறுப்பு டேங்குகளை உருட்டிக்கொண்டு வந்தோம். முன்னால் நடந்து வழி விலக்கியவர் சற்றுமுன் என்னிடம் முகம் சுருக்கிய ஏழுமலை வீட்டுக்காரம்மாதான்.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. பாதித் தண்ணீர் இறங்கியதும் கண்ணாடிச் சத்தம் நின்றது. பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்தோம், மீன்களைப் பிடித்து மாற்றினோம், காற்றுக் குழாய் போட்டுவிட்டோம். களம்பூர் ஜாக்கிகளும் வந்து சேர்ந்தன. காலித் தொட்டியைத் தூக்கும்போது நான் ஒதுங்கிக்கொண்டேன், அது சாரின் ராஜ்யம். பெல்ட் எங்கே போட வேண்டும், யார் முதலில் அடி எடுக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, கண்ணாடி ஒரு கீறல்கூட இல்லாமல் பின்சுவர் ஓரம் போய் உட்கார்ந்தது. அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை.

வேலை முடிந்ததும் மனிதர் தளர்ந்துவிட்டார். டேங்குக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே, "போதும் பத்மா. உன் பேச்ச கேட்டிருக்கணும். சென்னையில ஒரு கடைக்காரரு எடுத்துக்கறேன்னாரு. குடுத்துடலாம்" என்றார்.

அம்மா உடனே சரி என்பார் என்றுதான் நான் நினைத்தேன். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே வேண்டாத தொட்டி அது.

"குடுத்துட்டா? அங்க போய் சாவாதுன்னு யாரு சொன்னது?" என்றார். "நம்ம கையால போவக்கூடாதுன்னு நெனச்சிகினு, அடுத்தவன் கையில குடுக்கறதுக்கா அந்த வார்த்தைய சொன்னேன்? கொண்டாந்தது நாம. நாமதான் பாக்கணும். மேஸ்திரி, எத்தினி உயிர் கீதுன்னு பாருங்க. எல்லாம் கீதா?"

எல்லாம் இருந்தன. இறால் டேங்கின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. சார் சட்டை நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், கூடவே கண்ணையும். 

மறுநாள் கிரானைட்டைப் பெயர்த்துக் குழியைத் தோண்டினோம். கொத்தனார் நல்ல ஜல்லி போட்டு அடைத்துவிடலாம் என்றார். பத்மாவதி அம்மா குழி ஓரத்தில் நின்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஏன் அடைக்கணும்? அந்த உறுமுற மோட்டார இதுல எறக்க முடியாதா?"

நான் இத்தனை வருடம் குழாய் மாட்டியவன், எனக்குத் தோன்றவில்லை. கீழ்த்தொட்டியைக் குழிக்குள் இறக்கினால் சத்தம் அடங்கும். வழிந்தாலும் குழிக்குள்ளேயே நிற்கும், கூடம் நனையாது. குழியின் உள்பக்கம் பூசி, ஓரமாக உட்கார்ந்து கை விட்டுச் சுத்தம் செய்ய இடம் விட்டு, மேலே மரப்பலகை மூடி போட்டோம். பின்சுவரிலிருந்து குழிவரை தரை ஓரமாகக் குழாய் ஓடியது. டேங்கில் பிடித்து வைத்திருந்த அதே தண்ணீரைத் திரும்ப ஊற்றினோம், அம்மா வடிகட்டத் துணியை எடுக்கவே இல்லை. சுவிட்சைப் போட்டேன். மோட்டார் சத்தம் கேட்கவில்லை. மேலிருந்து தண்ணீர் வழிந்து இறங்கும் சலசலப்பு மட்டும் கேட்டது. சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அந்த வாரமே அம்மா எதிர்வீட்டுக்குப் போய் அந்தச் செப்பு அண்டாவைக் கேட்டு வாங்கினார். துணியில் வடிகட்டிய தண்ணீரை நிரப்பி வாசலில் வைத்தார், பாவு நீட்டுகிறவர்கள் குடிப்பதற்கு. அண்டாவின் சொந்தக்காரம்மா முதல் ஆளாக வந்து ஒரு செம்பு குடித்துவிட்டு, "இப்ப விஷம் இல்லியா மேஸ்திரி?" என்று எனக்குப் போன் போட்டுக் கேட்டார். அவர் சிரிப்பு அடங்கும்வரை நான் காத்திருந்தேன்.

வேலையை விட்ட பிறகும் அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன். சமீபத்தில் ஒரு பிற்பகல் போயிருந்தேன். அம்மா பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, குழிக்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, தொட்டியின் வடிகட்டித் துணியை அலசிக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீரில் இல்லை, தொட்டித் தண்ணீரிலேயே. குழாய்த் தண்ணீர் பட்டால் துணியில் தங்கி அழுக்கைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் செத்துவிடும். இதைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ பேரிடம் என் வாய் வலித்திருக்கிறது. இவருக்கு நான் சொல்லவே இல்லை.

தெருவில் போன ஏழுமலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தார். "இன்னா அக்கா, தறியில உக்காந்தாச்சா?"

அம்மா உதட்டில் விரல் வைத்து உள்ளே காட்டினார். தொட்டி முன்னால் நாற்காலியில் சார் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஆச்சுங்க" என்றார் அம்மா மெதுவாக. "இதுவரிக்கும் ஒரு இழைகூட அறுபடல."

ஏழுமலை அவ்வளவு மெல்லிய குரலில் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன். நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் வெளியே வந்துவிட்டேன்.